அடிபட்டவனுக்குக் கட்சி இல்லை

ஆடுகளத்தில் நிற்பவனைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். எல்லைக் கோட்டுக்கு வெளியே அறுபது ஆண்டுகளாக நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பற்றி எழுத எவரும் முன்வருவதில்லை. அவன் பெயரில் ஓட்டமுமில்லை, விக்கெற்றுமில்லை. அபிப்பிராயங்கள் மாத்திரமே உண்டு. வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையில் அத்தகைய ஒருவரை இன்றும் காணலாம். இளைப்பாறிய தபாலதிபர், எழுபத்தைந்து வயதை எட்டியவர், பாடசாலைக் காலத்தில் இரண்டாம் அணிக்குக்கூடத் தெரிவு செய்யப்படாதவர். கிறிக்கெற்றைப் பற்றி அவர் கொண்டுள்ள கருத்துகளிற் பாதி வெறும் பிடிவாதம். மற்றைய பாதியை அவ்வளவு இலகுவிற் தள்ளிவிட முடியாது.

ஏனைய இரசிகர்கள் ஓட்டங்களையும் விக்கெற்றுகளையும் குறித்துவைப்பர். தபாலதிபர் குறித்துவைப்பது காயங்களை. எண்பது பக்கக் கொப்பியொன்றில் ஆண்டு, இடம், வீசியவர், அடிபட்டவர், அடிபட்ட உறுப்பு, மீண்டும் ஆடவந்த நாள் என ஆறு நிரல்கள் வரைந்திருக்கிறார். அட்டையில் 'காயக் கணக்கு' என்று எழுதியுள்ளார். காயம் என்னும் சொல்லுக்கு உடம்பு என்றும் புண் என்றும் இருபொருள் உண்டென்பது அவர் அறியாததன்று. முதற் கொப்பி 1995 ஒக்ரோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது வீட்டில் விடுபட்டு அழிந்தது. இப்போதுள்ளதன் முற்பகுதி முழுவதும் நினைவிலிருந்து திரும்ப எழுதப்பட்டது.

அதில் முதலாவது பெயர் நாரி கொன்ராக்டர். 1962 இல் பார்படோஸில், இந்திய அணித் தலைவராயிருந்த அவரது தலையில் சார்ளி கிறிஃபித் வீசிய பந்து பட்டு மண்டையோடு வெடித்தது. உயிர் மீண்டார், ஆயின் ரெஸ்ற் ஆட்டம் அதன்பின் அவருக்கு வாய்க்கவேயில்லை. அவருக்கு இரத்தம் வழங்கியவர்களுள் எதிரணித் தலைவர் ஃபிராங் வொறெலும் ஒருவர். இரத்தம் கொடுத்தவர்களுக்குக் கொப்பியில் நிரல் இல்லை. ஆகவே வொறெலின் பெயர் ஓரத்தில், சற்றுப் பெரிய எழுத்தில், எழுதப்பட்டிருக்கிறது.

தபாலதிபர் மிக விரும்பிப் பேசுவது 1975 ஜூன் 11 ஆம் திகதியைப் பற்றி. முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில், இலண்டன் ஓவல் மைதானத்தில், அவுஸ்திரேலியா 60 ஓவர்களில் 328 ஓட்டங்களைக் குவித்தது. பதிலுக்கு ஆடிய இலங்கையரை ஜெஃப் தொம்சனின் வேகம் பதம் பார்த்தது. துலிப் மெண்டிஸ் 32 ஓட்டங்களுடன் நின்றபோது தலையில் அடிபட்டு வீழ்ந்தார். 53 ஓட்டங்களைப் பெற்றிருந்த சுனில் வெத்தமுனி பாதத்தில் அடிபட்டு வெளியேறினார். இருவரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தலைக்கவசம் வழக்கத்துக்கு வராத காலம் அது. இலங்கை நான்கு விக்கெற்றுகளை மட்டும் இழந்து 276 ஓட்டங்களைப் பெற்றுத் தோற்றது. "இரண்டுபேர் ஆஸ்பத்திரியிலை கிடக்க நாலு விக்கெற்றுக்கு 276 எண்டால், அது என்ன தோல்வி, தம்பி?" என்பார்.

இதிலிருந்து அவர் ஒரு கொள்கையையே வகுத்துக்கொண்டார். துடுப்பாட்டக்காரனை அவனது சதங்களால் அளத்தல் கூடாது. அடிபட்டபின் நெஞ்சுயரத்துக்கு எழும் பந்தை அவன் எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதே அளவுகோல். மெண்டிஸ் 1982 இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இரு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்களைப் பெற்றார். 1984 இல் லோட்ஸ் மைதானத்தில் பொத்தமின் பந்துகளை எல்லைக்கு அப்பால் தூக்கியடித்து 111 ஓட்டங்களையும், அடுத்த இன்னிங்ஸில் 94 ஓட்டங்களையும் எடுத்தார். கொள்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்பது தபாலதிபரின் வாதம். ஓவலில் விழுந்ததற்கும் லோட்ஸில் எழுந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் உள்ளன என்பதையும், அடிபட்டபின் ஆட்டத்தையே விட்டுச் சென்றவர்களைக் கோழைகளென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பதையும் அவர் வசதியாக மறந்துவிடுகிறார். கொப்பியிலேயே அத்தகையோர் பலர் உளர். அவர்களது ஆறாவது நிரல் வெறுமையாக இருக்கிறது.

அணிகளைப் பற்றிய பேச்சு வரும்போது அவரது குரல் மாறிவிடும். 1981 இன் நடுப்பகுதியில் இரு செய்திகள் இரண்டு மாத இடைவெளிக்குள் வந்தன. யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஜூலையில் இலங்கைக்கு ரெஸ்ற் அந்தஸ்துக் கிடைத்தது. பத்தொன்பது வருடங்களாக எந்தச் செய்திக்குக் காத்திருந்தாரோ அந்தச் செய்தி வந்தபோது அதனை வாசிப்பதற்கு வழக்கமாகச் சென்று அமரும் மண்டபம் சாம்பலாகியிருந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் நடந்தது. தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில், சரவணமுத்து என்னும் தமிழரின் பெயர் தாங்கிய விளையாட்டரங்கில். அவரும் சென்று பார்த்தார். 1983 ஜூலைக்குப் பின் அவர் அங்கு செல்லவில்லை. இலங்கை அணி வெல்ல வேண்டுமென்று வாய்விட்டுச் சொல்லவுமில்லை. யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் பலர் இந்தியாவின் பக்கம் நின்றனர். அவர் மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் போனார். தோல்வியே அறியாத அணியொன்றை ஆதரிப்பது அகதிக்கு நல்லதென்று கேலியாகச் சொல்வதுண்டு.

ஆயினும் 1984 இன் லோட்ஸ் ஆட்டத்தை அவராற் கைவிட முடியவில்லை. அந்த ஆட்டத்தில் மெண்டிஸ் அடித்தார். வினோதன் ஜோன் என்ற தமிழர் இலங்கைக்காக வேகப்பந்து வீசினார். தமிழ் ஆர்ப்பாட்டக்காரர் மைதானத்துள் இறங்கியதால் ஆட்டம் சற்றுநேரம் தடைப்பட்டது. இம்மூன்றிலும் தான் எதன் பக்கம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அக்காலத்திலேதான் வாசிகசாலையில் ஒரு சம்பவம் நடந்தது. இலங்கை வீரரொருவர் முகத்தில் அடிபட்டு வெளியேறினார் என்று வானொலி கூறியபோது, சூழ இருந்த இளைஞர் சிலர் கைதட்டினர். தபாலதிபர் எழுந்து வானொலியை நிறுத்தினார். "அணிக்குத்தான் கட்சி. அடிபட்டவனுக்குக் கட்சி இல்லை" என்றார். ஓர் இளைஞன் அமைதியாகக் கேட்டான்: "எங்கடை பெடியள் விழேக்கை அங்கை ஆரும் கைதட்டேல்லையோ, ஐயா?" அவரிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. கேட்டவன் அடுத்த ஆண்டு ஊரில் இருக்கவில்லை. எங்கு போனான் என்று வாசிகசாலையில் எவரும் விசாரிக்கவுமில்லை. எனினும் பதில் சொல்ல இயலாமை தாம் சொன்னதைப் பொய்யாக்கிவிடாது என்பதே தபாலதிபரின் நிலைப்பாடு. இளைஞனின் கேள்வியும் அவரது கூற்றும் இரண்டும் உண்மையாயிருப்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

1996 மார்ச் 17 ஆம் திகதி உலகக் கிண்ண இறுதியாட்டம் லாகூரில் நடந்தபோது அவர் தென்மராட்சியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த வளவொன்றில் இருந்தார். மின்சாரம் கிடையாது, மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்கள். துவிச்சக்கர வண்டியை நிறுத்திவைத்துப் பையனொருவன் மிதிக்க, தைனமோவிலிருந்து வானொலி இயங்கியது. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெற்றுகளை வீழ்த்தி, ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற்றார். தாம் அணிக்காகவன்றி அரவிந்தவின் துடுப்புக்காகவே அன்று கேட்டுக்கொண்டிருந்ததாகத் தபாலதிபர் சொல்வார். கேட்க அழகான பாகுபாடு, முற்றாக நம்பத்தக்கதன்று. வெற்றி ஓட்டம் பெறப்பட்டதும் பையன் மிதிப்பதை நிறுத்திவிட, வானொலி ஓய்ந்தது. தபாலதிபர் அவனை ஏசினாராம். பரிசளிப்பையும் கேட்கவேண்டியிருந்தது அவருக்கு.

முத்தையா முரளிதரனைப் பற்றி அவர் கொண்டுள்ள கருத்து யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் உவப்பானதன்று. 1995 டிசம்பர் 26 இல் மெல்பேணில் நடுவர் டெரல் ஹெயார் முரளியின் பந்துகளை முறையற்றவை என ஏழு தடவை அறிவித்ததைக் காயக் கணக்கிற் பதிந்திருக்கிறார். உறுப்பு, முழங்கை, வீசியவர் என்னும் நிரலில் நடுவரின் பெயர். பிறவியிலேயே முழுதாக நிமிராத ஒரு முழங்கையை ஐம்பதினாயிரம்பேர் முன்னிலையிற் சுட்டிக்காட்டுவதும் அடியே என்பது அவர் விளக்கம். ஆனால் 'எங்கள் முரளி' என்று எவராவது உரிமை கொண்டாடினால் பொறுக்கமாட்டார். "கண்டியிலை பிறந்த மலையகத்துப் பிள்ளை. 1948 இலை அவையின்ரை குடியுரிமை பறிபோகேக்கை யாழ்ப்பாணத்தான் என்ன செய்தவன்?" என்று திருப்பிக் கேட்பார். 2010 இல் காலியில், தமது ரெஸ்ற் வாழ்வின் கடைசிப் பந்தில், முரளி 800 ஆவது விக்கெற்றைக் கைப்பற்றியபோது தபாலதிபர் அழுததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

அதே முரளி 2011 ஏப்ரல் 2 இல் மும்பாயில் நடந்த இறுதியாட்டத்தில் தொடைத் தசைக் காயத்துடன் எட்டு ஓவர்கள் வீசி, 39 ஓட்டங்களைக் கொடுத்து, விக்கெற் எதுவும் எடுக்காமற் சென்றதை அவர் மன்னிக்கவில்லை. குற்றம் முரளியுடையதன்று, ஆடவிட்டவர்களுடையது என்பார். கடைசி ஆட்டத்தை ஆடாமல் இரு என்று 38 வயதுக்காரனிடம் யார் சொல்வது என்ற வினாவுக்கு அவரிடம் விடை இல்லை. அதே மாதத்தில் லசித் மாலிங்க, முழங்கால் தேய்வைக் காரணங்காட்டி, 30 ரெஸ்ற் ஆட்டங்களில் 101 விக்கெற்றுகளுடன் அவ்வகை ஆட்டத்திலிருந்து விலகினார். பணத்துக்காக இந்தியப் போட்டித்தொடரைத் தேடிப் போகிறார் என்று நாடே ஏசியது, தபாலதிபரும் ஏசினார். எட்டு ஆண்டுகளின் பின், 2019 இல், பல்லேகலவில் நியூசிலாந்தின் நான்கு விக்கெற்றுகளை மாலிங்க அடுத்தடுத்த நான்கு பந்துகளில் வீழ்த்தியபோது கொப்பியைத் திறந்து, 1975 முதற் கட்டிக்காத்த கொள்கைக்கு அருகே கேள்விக்குறி ஒன்று இட்டார். திரும்பி வருதலைப் போலவே விலகி நிற்றலும் வீரமாகலாம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

சட்டங்கள் பற்றியும் அவருக்கு வழக்குகள் உண்டு. காயப்பட்டவனுக்குப் பதிலாக ஓட இன்னொருவனை அனுமதிக்கும் வழக்கம் சர்வதேச ஆட்டங்களில் 2011 ஒக்ரோபரில் நீக்கப்பட்டமை பெருந்தவறாம். 2023 நவம்பரில் டெல்லியில், தலைக்கவசத்தின் வார் அறுந்ததால் மாற்றுக் கவசம் கேட்டு நின்ற அஞ்சலோ மத்தியூஸ், காலந் தாழ்த்தியதாக ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளாமல் ஆட்டமிழந்தவராக அறிவிக்கப்பட்டார். மெண்டிஸ் கவசம் இல்லாமல் விழுந்தார், மத்தியூஸ் கவசம் கேட்டு விழுந்தார் என்று இதைக் குறித்திருக்கிறார். அதே உலகக் கிண்ணத்துக்கு வனிந்து ஹசரங்க காயத்தாற் போகவில்லை. தலைவர் தசுன் ஷானகவும் மதீஷ பத்திரனவும் இடைநடுவில் விலகினர். அணி ஒன்பதாவது இடத்துக்கு வீழ்ந்தது. அதற்குரிய பக்கம் நிறைந்துவிட்டது.

இப்போது அவரது கவனம் பாடசாலை மைதானங்களுக்குத் திரும்பியுள்ளது. வேகப்பந்து வீசும் மாணவன் ஒவ்வோர் ஓவரை முடிக்கும்போதும் சட்டைப்பையின் புளியங்கொட்டை ஒன்றை மறுபைக்கு மாற்றுகிறார். கடந்த பருவத்தில் பதினாறு வயதுப் பையனொருவன் ஒரே நாளில் இருபத்திரண்டு ஓவர்கள் வீசினான். மாலையில் தபாலதிபர் பயிற்றுநரிடம் சென்று, வளரும் முதுகெலும்பு இதனைத் தாங்காது என்று முறையிட்டார். பயிற்றுநர் மரியாதையாகவே கேட்டார். "நாளைக்கும் அவன்தான், ஐயா. வேறை ஆள் இல்லை" என்றார்.

பையனின் பெயர் கொப்பியில் இருக்கிறது. உறுப்பு என்னும் நிரலில் 'முதுகு' என்று எழுதப்பட்டுள்ளது. ஏனைய பதிவுகள் யாவும் மையினால் எழுதப்பட்டவை. இது மாத்திரம் பென்சிலால்.