முத்தம் உப்புக் கரித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்!

எங்கள் மேற்கு மாம்பலம் ஃப்ளாட்டில் சளிக்கு வைத்தியம் சொல்ல மாடிக்கு மாடி ஆள் உண்டு. கற்பூரவல்லிச் சாறு, தூதுவளை ரசம், மிளகுப் பால்... இரண்டாவது மாடிக் குழந்தைக்கு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இருமல் போகவில்லை. 'வீசிங்' என்றார் ஒரு டாக்டர். 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். இரண்டு வயதாகியும் எடை ஏழரைக் கிலோதான்.

துப்பு கொடுத்தவர் பாட்டி. "என்னமோ தெரியலடி, முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்கறது!" இதையெல்லாமா டாக்டரிடம் சொல்வது என்று தயங்கித்தான் அம்மா சொன்னார். உடனே வியர்வைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டாலே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று அர்த்தம். இவளுக்கு 90-க்கு மேல்.

பாட்டிக்கு ஒரு சந்தேகம். உப்புக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் படித்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாவடுவில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறது அல்லவா? உப்பு இருக்கும் பக்கம் தண்ணீர் போகும். நம் மூச்சுக்குழாயிலும் அதே கதைதான். அங்குள்ள செல்களில் குளோரைடு வெளியே வர சி.எஃப்.டி.ஆர். என்ற கதவு இருக்கிறது. குளோரைடு வந்தால் பின்னாலேயே தண்ணீர் வரும், சளி நீர்த்திருக்கும், நுண்ணிழைகள் அதைப் பெருக்கி மேலே தள்ளிவிடும். கதவு பழுதானால் தண்ணீர் வராது. சளி பசைபோல ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் அதில் குடியேறும். கணையத்தின் குழாய்களும் இப்படியே அடைபடுவதால், சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது, உடம்பில் ஒட்டாது.

வியர்வைச் சுரப்பியில் மட்டும் கதவுக்கு வேலை தலைகீழ். வெளியேறும் வியர்வையிலிருந்து உப்பை உடம்புக்குள் திருப்பி எடுக்க வேண்டும். பழுதான கதவு எடுக்காது. அதனால்தான் கரிக்கிறது.

இந்த உப்பு விஷயம் பிடிபட்டதே வெயிலால்தான். 1948-ல் நியூயார்க்கில் கடும் வெயில். நீரிழப்பால் மருத்துவமனைக்கு வந்தவர்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் அதிகம் என்பதை டாக்டர் பால் டி சான்ட்'ஆக்னீஸ் கவனித்தார். நியூயார்க்கிலேயே அப்படியென்றால், மாம்பலத்து மே மாதத்தை யோசித்துப் பாருங்கள்! இந்தக் குழந்தைக்கு டாக்டர் சொன்ன அளவில் கூடுதல் உப்பு சேர்க்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களின் நோய் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். டெல்லி எய்ம்ஸும் வேலூர் சி.எம்.சி.யும் நம் குழந்தைகளிடமும் இருப்பதைப் பதிவு செய்திருக்கின்றன. ஆனாலும் பல வீடுகளில் இது நிமோனியா, ஆஸ்துமா, டி.பி. என்ற பெயர்களில்தான் சுற்றிக்கொண்டிருக்கும் என்று தோன்றுகிறது.

இப்போது இரண்டாவது மாடியில் தினமும் இருவேளை நெபுலைசர் ஓடுகிறது. உள்ளே போவது என்ன தெரியுமா? அடர்த்தியான உப்புத் தண்ணீர்! தண்ணீரை இழுத்துச் சளியை இளக்கத்தான். பிறகு முதுகில் தட்டிச் சளியை எடுக்கிறார்கள். சாப்பாட்டுடன் என்ஸைம் கேப்ஸ்யூல். மூன்று மாதத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறாள்.

கதவையே ஓரளவு சரிசெய்யும் ட்ரைகாஃப்டா மாத்திரை 2019-ல் அமெரிக்காவில் வந்துவிட்டது. அப்போது அங்கே வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை. அதுவும் குறிப்பிட்ட சில ஜீன் பிழைகள் இருந்தால்தான் கேட்கும். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் பிழை நம் குழந்தைகளிடம் அந்த அளவுக்கு இல்லை. இவளுக்கு எந்தப் பிழை என்ற ஜீன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.