வார்ப்பிரும்பின் வலிமை

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா என்பது பழமொழி. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடைப்பட்ட தெருக்களில் சும்மா இராத கைகள் ஒரு காலத்தில் மிகுதி. முன்புறம் பூக்கடை மணக்க, பின்சந்தில் கடைசல் இயந்திரம் சுழலும். அத்தகைய பட்டறையொன்றில் இளமையைக் கழித்த பெரியவர் ஒருவர், எண்பதை நெருங்கும் இவ்வயதிலும், வார்ப்பிரும்பைக் கண்டால் தட்டி ஓசை கேளாமல் அப்பால் செல்வதில்லை.

1961 முதல் 1973 வரை மேல் தாம்சன் சாலையில் கார்ப்பந்தயம் நடைபெற்றது. மக்கள் நாளும் செல்லும் பொதுச்சாலையே பந்தயத்தடம். ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். 1969ஆம் ஆண்டு அங்கே நியூசிலாந்து வீரர் கிரேம் லாரன்ஸ் வென்றார். அவருடைய மெக்லாரன் காரை இயக்கியது காஸ்வொர்த் நிறுவனத்தின் எஃப்.வி.ஏ. எஞ்சின். கூட்டத்தில் நின்ற இளந்தொழிலாளியை வியக்க வைத்தது வேகமன்று. அவ்வெஞ்சினின் பிளாக், தெருவில் ஓடும் ஃபோர்டு கார்ட்டினாவின் வார்ப்பிரும்புப் பிளாக்கே என்னும் செய்திதான். குடும்பக் காரில் நூறு குதிரைத்திறனைக்கூட எட்டாத இரும்பு, பந்தயத்தில் இருநூறுக்கு மேல் தாங்கியது எவ்வாறு?

விடை இரும்பின் இயல்பிலேயே உள்ளது. சாம்பல்நிற வார்ப்பிரும்பினுள் கரி, நுண்ணிய செதில்களாகப் படிந்திருக்கும். அவை அதிர்வை அடக்கும். ஆயின் ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு விரிசலுக்கு ஒப்பாகும். எனவே வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல், இழுப்பைத் தாங்கும் ஆற்றலைப்போல் மூன்று நான்கு மடங்கு. அழுத்தினால் நிற்கும், இழுத்தால் பிளக்கும். திறன் கூடக் கூட, கிராங்க் சுழலும் தாங்கிகளின் மூடிகளைக் கீழ்நோக்கிப் பிடுங்கும் விசையும் கூடும். எஃப்.வி.ஏ. எஞ்சினில் அம்மூடிகள் உருக்கால் அமைந்தன. பிளாக்கை மாற்றவில்லை, அது தளரும் இடத்தில் துணை நிறுத்தினர்.

இதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பட்டத்தை நெல்சன் பிக்கே வென்றபோது, அவருடைய பிரபாம் காரில் இருந்த பி.எம்.டபிள்யூ. டர்போ எஞ்சினின் பிளாக், சாதாரணக் காரின் வார்ப்பிரும்பிலிருந்து பிறந்தது. 1.5 லிட்டர் கொள்ளளவே உடைய அது, பின்னாளில் தகுதிச்சுற்றுகளில் ஆயிரம் குதிரைத்திறனைக் கடந்தது. உலையிலிருந்து வந்த வார்ப்பு சீரின்றி ஆறும்போது அதனுள் இறுக்கம் தங்கிவிடும். நெடுநாள் சூடேறி ஆறிய பிளாக்கில் அவ்விறுக்கம் தணியும். பழையது என்று ஒதுக்கப்பட்டதே பக்குவப்பட்டதாயிற்று.

பெரியவரின் பேரன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன். பழைய டொயோட்டா எஞ்சின் ஒன்றுக்கு டர்போ பொருத்தி, மலேசியாவின் செப்பாங் தடத்தில் ஓட்ட விழைந்தான். காக்கி புக்கிட்டிலுள்ள பட்டறைக்குத் தாத்தாவையும் அழைத்துச் சென்றான். மூடிகளுக்கு உறுதியான திருகாணிகள் வாங்கியாயிற்று. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்வழியின் அடிப்பகுதியில் இறுகும் கலவையை ஊற்றிச் சுவர் அசையாமல் செய்யவும் எண்ணினான்.

"முழுவதும் நிரப்பிவிட்டால் இன்னும் உறுதிதானே, தாத்தா?"

"உறுதிதான். தண்ணீர் எங்கே ஓடும், தம்பி? கால் மைல் ஓடி நிற்கும் வண்டிக்கு அது போதும். சுற்றிச் சுற்றி ஓடும் வண்டி வெந்துவிடும்."

பின்னர், ஒலியலையால் சுவரின் கனத்தை அளக்கும் கருவியைப் பேரன் வைத்துப் பார்த்தான். மூன்றாம் சிலிண்டரின் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. வார்க்கும்போது உள்கரு சற்றே நகர்ந்தால் இவ்வாறாகும்.

"சிறிதுதானே குறைவு; பெரிதாகக் கடைந்துவிடலாம்" என்றான்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "எழுபதுகளில் ஓர் இளைஞனுக்கு இப்படித்தான் கடைந்து கொடுத்தேன். அப்போது இந்தக் கருவி இல்லை. ஆனால் பக்கத்துத் துளையில் கம்பியை வளைத்துவிட்டுப் பார்த்திருக்கலாம். அவசரம். முதல் ஓட்டத்திலேயே சுவர் பிளந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்தது. வார்ப்பின் குற்றம் என்று சொன்னேன். அவன் நம்பினான், கூலியையும் முழுதாகக் கொடுத்தான். அளக்காதது என் குற்றம்."

ஐம்பதாண்டு காலம் எவரிடமும் கூறாத சொல் அது. பேரன் கருவியைக் கீழே வைத்தான். மறுப்பேதும் கூறாமல், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் உருளையுறை இறக்குவது என்றும், டர்போவின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தான். அவன் கனவுகண்ட குதிரைத்திறனில் ஒரு பங்கு அன்றே கழிந்தது.

வலிமையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டலாம் என நினைப்பது இளமையின் இயல்பு. இரும்பு அவ்வாறு இசைவதில்லை. எங்கே மெலிவு என்று அறிந்து அதனை ஒப்புக்கொண்டவனுக்கே அது பணிகிறது. புறப்படுமுன் பெரியவர் ஒரு சுண்ணக்கட்டியை வாங்கி, மெலிந்த பக்கத்தின் அளவைப் பிளாக்கின் வெளிச்சுவரில் பெரிதாக எழுதினார். அடுத்துத் தொடுகிறவன் அறிந்துகொள்ளட்டும் என்றார்.