பாடம் இலவசம்தான், பணம் எதற்கு?

ஈரோட்டில் தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, இரண்டு வருடம் கட்டிய ஏலச்சீட்டை எடுத்தார். பிளவுஸ் கூலியில் மிச்சம் பிடித்த பணம். ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதே வாரம், பி.காம். முடித்து எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்த மகன் வேறொரு கணக்கோடு வந்தான். ஆன்லைனில் டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ், ஆறு மாதம், கட்டணம் 54,000 ரூபாய். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் மாதம் 4,500 வீதம் 12 தவணை.

"படிச்சா வேலை கிடைச்சுருமா சாமி?" என்று அம்மா கேட்டார்.

"உறுதின்னு சொல்றாங்கம்மா. ஆனா இன்னைக்கு ராத்திரிக்குள்ள சேர்ந்தாத்தான் இந்த விலையாம்."

ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் அக்காவுக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்தியது. "ஆடித் தள்ளுபடியே ஒரு மாசம் ஓடுது. படிப்புக்கு ஒரு ராத்திரிதானா? ஒரு வாரம் பொறுடா, பார்த்துட்டுச் சேரலாம்" என்றார். அந்த ராத்திரி போனது. அடுத்த நாளும் அதே விலைக்கு அதே அழைப்பு வந்தது.

அக்கா முதலில் கேட்டது பாடத்திட்டத்தை. எக்செல், எஸ்.க்யூ.எல்., பைத்தான், புள்ளியியல் என்று பதினொரு தலைப்புகள் இருந்தன. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, இலவசமாக எங்கே கிடைக்கிறது என்று தேடச் சொன்னார். இரண்டே நாளில் ஒன்பது தலைப்புகளுக்கு எதிரே டிக் விழுந்தது.

அதில் அதிசயம் இல்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017-லிருந்து இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினிப் பாடத்தையும் காசு கொடுக்காமல் படிக்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால், தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரியில் என்ன கிடைக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

டிக் விழாத இரண்டு, செய்த வேலையை ஒருவர் பார்த்துத் திருத்துவதும் வேலைக்கான உத்தரவாதமும். 54,000 ரூபாய் உண்மையில் இந்த இரண்டுக்கும்தான் என்று அக்காவுக்குப் புரிந்தது.

"வேலை உறுதின்னு போன்ல சொன்னதை மெயில்ல அனுப்பச் சொல்லு" என்றார். தம்பி கேட்டான். வந்த பதிலில் 'உறுதி' இல்லை, 'வேலை தேட உதவி' இருந்தது. அந்த உதவியைப் பெறவும் இத்தனை சதவீதம் வருகை, இத்தனை மதிப்பெண் என்று நிபந்தனைகள் இருந்தன.

அடுத்தது தவணை. படிவத்தைப் பெரிதாக்கிப் படித்தபோது, பணம் கொடுப்பது பாடம் நடத்தும் நிறுவனம் அல்ல, வேறொரு நிதி நிறுவனம் என்று தெரிந்தது. பெயர்தான் தவணை, அது தம்பி பெயரில் எழுதப்படும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் பாதியில் நிற்காது. கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் இறங்கும், நாளைக்கு ஒரு வண்டிக் கடன் கேட்டாலும் அது முன்னால் வந்து நிற்கும். ஆன்லைன் படிப்புக் கட்டணத்தின் தானியங்கிப் பிடித்தம் பற்றியும், கடனுக்குத் தெரியாமல் ஒப்புதல் கொடுத்துவிடுவது பற்றியும் மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோர்களை எச்சரித்திருக்கிறது.

இதோடு விஷயம் முடிந்திருந்தால் 'இலவசமே போதும்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தம்பியின் போனில் ஏற்கெனவே நான்கு இலவசப் பாடங்கள் இருந்தன. நான்கும் மூன்றாவது வீடியோவோடு நின்றிருந்தன.

"பார்க்கணும்னுதான் நினைக்கிறேன்க்கா. யாரும் கேக்கறதில்லையா, அப்படியே விட்டுப்போயிருது."

இது அவனுடைய சோம்பேறித்தனம் மட்டும் அல்ல. ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் தனியாக எடுத்தால் நூற்றுக்கு 46 பேர் முடித்திருந்தார்கள். முடித்தே தீருவது என்று இருப்பவர்கள்தான் பணமும் கட்டுவார்கள், அதனால் எல்லாம் பணத்தின் மகிமை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காசு கொடுத்தால் ஒரு பிடிப்பு வருகிறது. அதே கணக்கில், காசு கட்டியும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பிடிப்புக்கு 54,000 வேண்டுமா, ஆயிரம் போதுமா? அக்கா ஒரு வழி சொன்னார். "ரெண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் இலவசப் பாடத்துல உக்காரு. உக்காந்தீன்னா பணத்தைப் பத்திப் பேசலாம்."

பதினான்கு நாளில் பதினோரு நாள் உட்கார்ந்தான். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, காதில் இயர்போனோடு. பிறகு என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் நான்கு வார பைத்தான் பாடத்தில் சேர்ந்தான். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். வாராவாரம் செய்யும் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. கெடுத் தேதி இருந்தது, கட்டிய காசும் இருந்தது. வீடியோ மூன்றோடு நிற்கவில்லை.

திருத்துவதற்கு ஆள் வேண்டுமே? அக்காவின் கடையில் ஸ்டாக் கணக்கு பார்க்கும் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினார். "எங்கிருந்தோ எடுத்த அமெரிக்கக் கணக்கு வேண்டாம் தம்பி, உங்க வீட்டுக் கணக்கைப் போடு" என்றார். அம்மாவின் மூன்று வருட ஆர்டர் நோட்டுகள் எக்செல்லுக்கு வந்தன. எந்த மாதம் வேலை குவிகிறது, எந்த வகைத் தையலில் கூலி நிற்கிறது, யார் யார் பாக்கி என்று எல்லாம் தெரிந்தது. ஆடியில் தொய்ந்து ஆவணி முகூர்த்தத்தில் ஏறும் கோட்டைப் பார்த்து அம்மா சிரித்தார். பாக்கிப் பட்டியலைப் பார்த்தபோது சிரிக்கவில்லை. அந்த வாரமே இரண்டு பேரிடம் போய் வசூல் செய்துவிட்டு வந்தார்.

ஓவர்லாக் மெஷின் வந்துவிட்டது. தம்பி தேர்வில் தேறினான். சான்றிதழைக் கண்டதும் யாரும் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை. மூன்று நேர்காணல்களில் இரண்டில் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது ஒரு நூல் மில்லில். அங்கே சான்றிதழை ஒரு நிமிடமும் தையல் கணக்கை இருபது நிமிடமும் பார்த்தார்கள். இப்போது அங்கே பயிற்சியாளர். பெரிய சம்பளம் இல்லை.

மில்லில் பவர் பி.ஐ. தெரிய வேண்டும் என்றார்கள். இந்த முறை தம்பி யாரிடமும் கேட்கவில்லை. யுடெமியில் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு பாடத்தைத் தன் சம்பளத்தில் வாங்கினான். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் முதலிலேயே பார்த்துவைத்தான்.

மாதச் சந்தா கட்டும் தளங்களில் மட்டும் கவனமாக இருக்கச் சொன்னார் அக்கா. ஏழு நாள் இலவசம் என்று கார்டு எண்ணைக் கொடுத்தால், எட்டாம் நாள் கட்டணம் பிடிக்கப்படும். முதலில் ஒருமுறை சம்மதம் கொடுத்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தத்துக்கு மறுபடி ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன் வங்கியிலிருந்து ஒரு தகவல் மட்டும் வரும். அதைப் பார்த்து அப்போதே நிறுத்தலாம். பணம் போய், கேட்டும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன வாரம் அக்காவே தம்பியிடம் வந்து நின்றார். ஜி.எஸ்.டி. படிக்க வேண்டுமாம், 8,000 ரூபாய்க் கட்டணமாம்.

"பாடத்திட்டம் அனுப்பினாங்களாக்கா?" என்று நோட்டை எடுத்தான் தம்பி.