புலவர் காய்ச்சிய கூழ்

பெப்ரவரி 5 பின்லாந்துக்காரருக்கு ஒரு கவிஞரின் பிறந்தநாள். யோஹான் லுட்விக் ரூனபெரி 1804இல் பிறந்தவர். எழுதியதெல்லாம் சுவீடிஷ் மொழியில். ஆனாலும் பின்லாந்தின் தேசிய கீதம் அவருடைய பாட்டுத்தான். அவர் பேரிலேயே ஒரு கேக்கும் உண்டு. ஹெல்சிங்கியில் இருக்கிற அக்காவின் மகள் ஒரு தை மாதம் அதன் படத்தை அனுப்பியிருந்தாள். கைக்குள் அடங்குகிற உருளை, உச்சியில் ராஸ்பெரி ஜாம், அதைச் சுற்றி வெள்ளைச் சீனி வளையம். பாதாமோடு பாண் தூளும் பிஸ்கட் தூளும் சேருமாம். வருசம் பிறந்ததும் கடைக்கு வந்து, கவிஞரின் பிறந்தநாளோடு போய்விடுமாம்.

"பழைய முறைப்படி சாராயமும் விடுவினம், மாமா."

பக்கத்தில் இருந்த அம்மா விடவில்லை. "சாராயம் விட்ட பலகாரத்தையோ புலவரின்ர பேரில தின்னுறாங்கள்?"

அம்மாவுக்குப் புலவர் என்றால் ஒருவர்தான். நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். வட்டுக்கோட்டையில் படிப்பித்தவர், தங்கத்தாத்தா என்று அழைக்கப்பட்டவர். ரூனபெரியும் போர்வோ நகரத்துப் பள்ளியில் லத்தீன் படிப்பித்தவராம். இரண்டு பேரும் வாத்திமார் என்றதும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார்.

புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சின்ன வகுப்பில் பாடாமல் யாழ்ப்பாணத்தில் யாரும் வளர்ந்ததில்லை. தமிழ்நாட்டில் ஆடிக்கூழ் என்றால் அம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ். எங்களுடையது வீட்டு அடுப்பில் காயும் இனிப்புக்கூழ்; ஆடி முதலாந் தேதி, அதாவது ஜூலை நடுப்பகுதியில். வறுத்துக் கோது நீக்கிய பயறும் தேங்காய்ச் சொட்டும் பானையில் முதலில் அவியும். குழைத்த அரிசிமாவைச் சுண்டைக்காய் அளவில் உருட்டிக் கொதிநீரில் போடுவது சிறுவர் வேலை. அது கழிந்துதான் கரைத்து வடித்த பனங்கட்டி, தேங்காய்ப்பாலில் கரைத்த மா, கடைசியில் மிளகு, சீரகம், ஏலம். பனங்கட்டி முந்தினால் பயறு அவியாது. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொண்டுபோய் நிற்போம். ஈர்க்குச் சரியாகக் குத்தாவிட்டால் கூழ் முழங்கை வரை ஓடும். நக்குவதற்கும் ஒரு காலம் வேண்டும்.

கொழுக்கட்டையும் அன்றைக்குத்தான். ஓரத்தைப் பல்லுப் பல்லாக மடிப்பதில் பெரியம்மாவின் கைக்கு நிகரில்லை.

புலவரின் ஊரான நவாலி என்றால் எனக்குக் கூழ் மட்டும் நினைவில் வருவதில்லை. 1995 ஜூலை 9, போரில் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின்மேல் விமானம் குண்டு போட்டது. ஆடி பிறக்க ஒரு கிழமை இருந்தது. அந்த வருசம் ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனமே ஊரை விட்டு நடந்தது. பானை சட்டியைக்கூட விட்டுத்தான் போனோம். பிறகு எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த நாட்டிலோ கூழ் காய்ச்சினோம். பாட்டும் கூடவே வந்திருந்தது. பயறு வறுப்பதில் தொடங்கிப் பலாவிலை கோலுவது வரை அதிலே இருக்கிறது. அளவு மட்டும் இல்லை. அதற்கு அம்மாவின் கண்மட்டம். ஹெல்சிங்கிக்காரி அந்தக் கண்மட்டத்தை ஆடிக்கு ஆடி தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்கிறாள். ஊரிலிருந்து போகிறவர்களிடம் பனங்கட்டிக் குட்டானும் சொல்லிவிடுகிறாள். அங்கே பலாவிலைக்கு எங்கே போக? கடதாசிக் கோப்பைதான்.

எழுதி வைப்பது என்றதும் அந்தக் கேக் மறுபடி நினைவில் வருகிறது. அதன் செய்முறை கவிஞரின் மனைவி பிரெட்ரிகாவின் கைக்குறிப்பில் இருக்கிறது. போர்வோ நகரத்துப் பேக்கரிக்காரர் ஒருவரிடமிருந்து அவர் அதை எடுத்திருக்கலாம் என்றும் சொல்வார்கள். பிரெட்ரிகா வெறும் சமையல்காரி அல்ல. பின்லாந்தில் சரித்திர நாவலுக்கு வழி திறந்தவர்களில் ஒருவர். கேக்குக்குக் கணவரின் பேர்தான் நிலைத்தது.

ஆடிப்பிறப்பில் நவாலியில் புலவரை நினைத்துக் கூழும் கொழுக்கட்டையும் பரிமாறுகிறார்கள். அந்தப் பாட்டில் அகப்பை பிடித்து நிற்பவள் தாய். எல்லாரும் பாடிய அந்தப் பாட்டில் புலவர் தன்னை எங்கும் நுழைக்கவில்லை. அதனாலோ என்னவோ, எங்கள் கூழுக்கு அவர் பேரை வைக்கவேணும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.