ஊர்ல இருந்து தண்ணி வந்திருக்கு!

ஒரே பக்கெட் தண்ணீரில் ஷேவ் செய்து, குளித்து, பனியன் அலசி, மிச்சத்தை டாய்லெட்டில் ஊற்றிவிட்டு, ஒன்பது மணிக்கு ஆபீஸில் பளிச்சென்று உட்கார முடியுமா உங்களால்? 2019 ஜூனில் நான் உட்கார்ந்தேன். அப்போது சென்னையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. (2015 டிசம்பரில் இதே ஊரில் வெள்ளத்துக்குப் பயந்து மொட்டை மாடியில் படுத்தவனும் அடியேன்தான்.)

ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். என் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். பெருமை தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நம்ம ஊர்த் தண்ணி வந்திருக்கும்மா!"

"டி.வி.ல பார்த்தேன்டா. இங்க குழாய்ல வந்து எட்டு நாளாச்சு. நீயாவது நல்லா குளி."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே நான் நல்லா குளிக்கணும் என்றுதான் சொன்னாள்.

அன்றைக்கு ஆபீஸில் வேலை ஓடவில்லை. கணக்குப் போட்டேன். சென்னைக்கு அப்போது தினசரி சப்ளை சுமார் 52 கோடி லிட்டர். ரயில் கொண்டு வந்தது அதில் ரூபாய்க்கு அரை பைசா. சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 140 செ.மீ. மழை. எங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. அதில் மட்டும் விழுவது 1.3 லட்சம் லிட்டர்! பத்து லாரித் தண்ணீர், ஸார்!

அதெல்லாம் எங்கே போகிறது? 2003-லேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாச்சே? ஹவுஸ் ஓனரிடம் சண்டைக்குப் போனேன்.

"குழி இருந்துது தம்பி. பைக் ஸ்டாண்டு புதையுதுன்னு சிமெண்ட் போடச் சொன்னது யாரு?"

நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு இறங்கினேன். கையில் கொப்புளம். கீழ் வீட்டு அக்கா மோர் கொடுத்தார், அதுவும் அரை டம்ளர்தான். கருங்கல் ஜல்லி, மணல் போட்டு, மாடிக் குழாயைத் திருப்பிவிட்டோம்.

செப்டம்பரில் ஒரு ராத்திரி கொட்டியது. குடை பிடித்து, டார்ச் அடித்து, குழிக்குள் தண்ணீர் இறங்குவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

"அப்படியா? அப்ப அந்த ரயிலை நிறுத்திடுவாங்களாடா?" என்றாள்.