பொம்போசா மடத்து இசையாசிரியர்

இத்தாலி நாட்டின் ஃபெராரா நகரிலிருந்து கிழக்கே, போ நதி கடலொடு கலக்கும் சமவெளியில் சென்றோம். மேடென்பதே இல்லாத அந்நிலத்தில் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது, 48 மீட்டர் உயர்ந்த பொம்போசா மடத்து மணிக்கூண்டு. 1063-இல் எழுந்த அக்கூண்டுக்கும் முன்னே அங்கு வாழ்ந்த ஓர் ஆசிரியரை நினைந்தே நாம் ஆலயத்துள் நுழைந்தோம்.

அவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி குயிதோ. அக்காலத்துச் சிறுவர் வழிபாட்டுக் கீதங்களைச் செவிவழியே கற்றனர். பத்தாண்டு பயின்றவரும், பிறர் பாடிக் காட்டாத கீதத்தை ஏட்டைப் பார்த்துத் தாமே பாட அறியார். குயிதோ கோடுகள் இழுத்து, கோட்டின்மீதும் கோடுகளின் இடையிலும் சுரங்களுக்கு நிலையான இடம் தந்தார். அடையாளமாக ஒரு கோட்டுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தீட்டினார்.

இப்புதுமை உடன் துறவியரின் பொறாமையைக் கிளறிற்று. மடத்தை விட்டகன்ற அவரிடம், 1025-ஐ ஒட்டி, அரெட்சோ நகரின் ஆயர் தம் பேராலயச் சிறுவரை ஒப்படைத்தார்.

ஒற்றைத் தந்திக் கருவியை மீட்டிக் கேட்டுப் பாடுவது தொடக்கத்திற்கு நன்று, வளரும் மாணவனுக்குத் தீது என்பது குயிதோவின் கருத்து. ஆகவே ஸ்நாபக அருளப்பர் கீதம் ஒன்றை மனப்பாடம் செய்வித்தார். அதன் முதல் ஆறு பகுதிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அவற்றின் முதலசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா. புதிய கீதத்தில் ஒரு சுரத்தைக் கண்ட சிறுவன், அச்சுரத்தில் தொடங்கும் பகுதியை மனத்துள் பாடினான். குரல் தன் இடத்தைக் கண்டுகொண்டது. பத்தாண்டுப் பாடம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்ததென அவரே எழுதியுள்ளார். பாப்பரசர் 19-ஆம் அருளப்பர் அவரை உரோமைக்கு அழைத்து, முன் கேட்டிராத ஓர் அடியை ஏட்டைப் பார்த்துத் தாமே பாடி வியந்தார். முன்பு எதிர்த்தோர் பக்கம் நின்ற பொம்போசா மடாதிபதியும் அங்கே அவரைக் கண்டு, மனம் வருந்தி, மீண்டும் வருமாறு அழைத்தார்.

துறவியர் இன்று இல்லாத அம்மடத்தில் நிற்கையில், நம் பங்கு ஆலயத்தின் ஒரு கிறிஸ்து பிறப்பு இரவு நினைவுக்கு வந்தது. ஆர்மோனியம் வாசிப்பவர் வரவில்லை; பாட்டுப் புத்தகம் கையிலிருந்தும் பிள்ளைகள் வாய் திறவாது நின்றனர். பிழை அவர்களுடையதன்று, தனித்துப் பாட நாம் அவர்களைப் பழக்கவில்லை.

ஆர்மோனியமோ வயலினோ பயிலும் பிள்ளை, விரல் வைக்குமுன் புதிய பாடத்தைச் சுரம் சொல்லிப் பாடிப் பழகட்டும். சுரம் முதலில் உள்ளத்தில் ஒலித்தால் விரல் தடுமாறாது. தாம் குறைந்து பிறர் வளர விரும்பியவர் ஸ்நாபகர். தாம் இல்லாதபோதும் மாணவர் பாடவேண்டுமென விரும்பிய ஆசிரியர், அவருடைய கீதத்தையே பாடமாகக் கொண்டது எத்துணைப் பொருத்தம்!