கடலுக்குப் போகும் பாட்டரி

இளமறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு

பாட்டரி என்றதும் நம் நண்பர்களுக்குக் காரும் மோட்டார் சைக்கிளும்தான் நினைவுக்கு வரும். நாகப்பட்டினம் கடற்கரையில் பிறந்த எனக்கோ, தோளில் சுமந்து கரையேற்றும் ஒரு கனத்த பெட்டிதான் நினைவுக்கு வரும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் பக்கம் கட்டுமரங்கள் குறைந்து பைபர் படகுகள் பெருகின. கட்டுமரத்தில் போன என் தாத்தாவுக்கு விண்மீனும் காற்றும் போதுமாயிருந்தன. பைபர் படகுக்கு விளக்கு வேண்டும், ஜி.பி.எஸ். வேண்டும், வயர்லெஸ் வேண்டும். அத்தனைக்கும் உயிர் கொடுப்பது ஒரே ஒரு 12 வோல்ட் பாட்டரி!

அந்தப் பாட்டரி எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதங்களுக்கு மேல் நிலைத்ததே இல்லை. "உப்புக் காத்து தம்பி, என்ன செய்யிறது" என்பார் அப்பா. கடைக்காரரும் அதையே சொல்லி இன்னொன்றை விற்பார்.

2024ஆம் ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, வலையை விரித்துவிட்டுக் காத்திருந்த வேளையில், நள்ளிரவுக்கு முன்பே விளக்கு மங்கி அணைந்தது. வயர்லெஸும் ஊமையாயிற்று. வலை கடலில் கிடக்கும்போது படகு சட்டென்று விலகிப் போக முடியாது. விளக்கில்லாத சிறு படகை, வேகமாக வரும் விசைப்படகுக்காரர் எப்படிக் காண்பார்? அப்பாவும் சித்தப்பாவும் விடியும் வரை செல்போன் வெளிச்சத்தை மாறி மாறி ஆட்டிக்கொண்டிருந்தார்களாம். கரையில் அம்மா பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை.

அடுத்த நாள் அப்பா என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்: "நீ படிக்கிறதுல இதுக்கு ஏதாவது இருக்கா?"

இருந்தது. 1859இல் பிரான்சு நாட்டு காஸ்டன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலக் கலம் எங்கள் பாடத்திலேயே வருகிறது. ஒரு தகட்டில் ஈயம், மற்றதில் ஈய டை ஆக்ஸைடு, நடுவே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றம் செய்தால் எல்லாம் பழையபடி திரும்புகிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும். படகுக்குப் போதாது! தகடு எவ்வளவு தடிமன் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. படகில் அதுதான் முக்கியம்.

காரையும் லாரியையும் கிளப்பும் பாட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். பரப்பு அதிகம் என்பதால் சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தை அள்ளிக் கொடுக்கும். உடனே இயந்திரமே அதை நிரப்பிவிடும். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக உறிஞ்சி அடிவரை காலி செய்தால் அந்த மெல்லிய தகடுகளின் பூச்சு உதிர்ந்துவிடும். "டீப் சைக்கிள்" எனப்படும் பாட்டரிக்குத் தகடு தடிமன். நம் ஊரில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பாட்டரி இந்த இனம்தான். எங்கள் படகு இயந்திரத்தையோ கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்புகிறார்கள். கிளப்பும் வேலையே இல்லாத படகில் கிளப்பும் பாட்டரி! எங்கள் படகில் மட்டுமல்ல, கரை முழுவதும் அதுவே வழக்கம். பழி மட்டும் உப்புக் காற்றுக்கு.

அன்றிரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 10 வாட் விளக்கு இரண்டு, 10 மணி நேரம்: 200 வாட் மணி. ஜி.பி.எஸ். 10 வாட், 12 மணி நேரம்: 120. வயர்லெஸ் கேட்டுக்கொண்டிருக்க 60, பேசுவதற்குப் பத்துப் பதினைந்து. மொத்தம் 400க்குச் சற்றுக் குறைவு. 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33 ஆம்பியர் மணி. பாதிக்கு மேல் இறக்காமல் வைத்திருந்தால் பாட்டரி நெடுநாள் உழைக்கும். ஆகவே ஓர் இரவுக்கே 66 வேண்டும். நாளாக நாளாகக் கொள்ளளவு குறையும் என்பதால் 100 என்று முடிவு செய்தேன். பாட்டரி மீது 'சி20' என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். 100 ஆம்பியர் மணி என்றால் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். அவசரமாக எடுத்தால் அவ்வளவு கிடைக்காது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி ஒன்றையும் கடையில் பார்த்தோம். அதே 100 ஆம்பியர் மணி. எடை சுமார் 12 கிலோதான். அப்பா ஒரு கையால் தூக்கிச் சிரித்தார். விலையைக் கேட்டதும் மெல்லக் கீழே வைத்தார். கடைசியில் உயரம் குறைந்த டியூபுலர் ஒன்றை வாங்கினோம். வழக்கமாக வாங்குவதைப் போல் ஒன்றரை மடங்கு விலை. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். "உன் கணக்கு தப்பாப் போனா தவணைய நீ கட்டு" என்று சொல்லித்தான் பணத்தைக் கொடுத்தார். இந்தத் தேர்வுக்கு மறுதேர்வு கிடையாது!

பாட்டரியை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அலையில் புரளாதபடி கயிற்றால் கட்டியிருக்கிறோம். மூடியில் காற்றுத் துளை உண்டு. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. (சித்தப்பாவுக்கு இதில் வருத்தம்தான்.) கடல்நீர் உள்ளே புகுந்தால் குளோரின் வாயு உண்டாகும். முனைகளுக்கு வாசலின் தடவுகிறோம். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும், அதுவும் மின்னேற்றிய பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்பே மூழ்கும் அளவுக்கு ஊற்றலாம். அமிலம் ஊற்றவே கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி மழைக்காலம். புயல் எச்சரிக்கை என்றால் படகு பத்து நாள் கரையில் கிடக்கும். பாதி காலியான பாட்டரியும் கொட்டகையில் கிடக்கும். அப்போது சல்பேட் இறுகிக் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் கரையாது. எனவே கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், கரைக்கு வந்த அன்றே சார்ஜில் போட்டுவிடுகிறோம்.

அப்பாவுக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் ஹைட்ரோமீட்டரில் பச்சை, வெள்ளை, சிவப்புக் கோடுகள் உண்டே! மிதவை பச்சையில் நின்றால் கிளம்புவார், சிவப்புக்கு இறங்கினால் விடமாட்டார். வீட்டில் இருக்கும் நாட்களில் ஆறு அறைகளின் அடர்த்தியையும் என் பழைய ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். முழுதாக ஏறியதும் 1.25 அளவில் நிற்கிறது. இப்போது அக்கம்பக்கத்துப் படகுக்காரர்களும் தங்கள் பாட்டரிகளைக் கொண்டுவந்து பார்க்கச் சொல்கிறார்கள். போன வாரம் வந்த ஒன்றில் ஐந்து அறைகள் பச்சை, ஓர் அறை மட்டும் சிவப்பு. "இந்த மழைக்காலத்துக்கு இத நம்பாதீங்க மாமா" என்று நான் சொல்வதற்குள், அப்பாவே மிதவையை அவரிடம் காட்டிச் சொல்லிவிட்டார்.